வாயில்லாச் சீவனும் வகுப்பறையும்

தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவனை நிறுத்தி, ‘விலங்குகளிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்?’ என்று வினவினால், ‘அன்பு காட்ட வேண்டும், ஐயா’ என்னும் விடை இமைப்பொழுதில் வரும். ‘அன்பு காட்டுவதாவது யாது? தெருவில் திரியும் சொறிநாய்க்கு அதனை எவ்வாறு காட்டுவாய்? நாளைய சமையலுக்காக இன்று கூடைக்குள் கவிழ்த்து வைத்திருக்கும் கோழிக்கு எவ்வாறு காட்டுவாய்?’ என்று தொடர்ந்து கேட்டால் விடை வாராது. முதல் வினாவுக்குரிய விடை ஏட்டில் உள்ளது. அடுத்த வினாக்களை ஏடு எழுப்பவில்லை, ஆசிரியரும் எழுப்புவதில்லை.

உயிரிரக்கம் பள்ளிக்குப் புதிய பொருளன்று. நன்னெறிக் கல்வியில் அது பண்பாக வருகிறது. அறிவியலில் அலகாக வருகிறது. தமிழ்மொழிப் பாடத்தில் கதையாகவும் செய்யுளாகவும் வருகிறது. வந்தும் பயன் என்ன? மணியடித்ததும் வெளியே ஓடும் மாணவனே ஓணான்மேல் கல்லெறிகிறான். அவன் கொடியவனல்லன். அவன் படித்த அன்புக்கும் அவன் கையிலுள்ள கல்லுக்கும் தொடர்பு உண்டென்று எவரும் அவனுக்கு உணர்த்தவில்லை. குறை கற்பிக்கும் முறையில் இருக்கிறது. அம்முறை மூவகையாகப் பிழைபட்டு நிற்கிறது. ஒருசாரார் இரக்கத்தை மனப்பாடமாக்குகின்றனர். மற்றொருசாரார் அதனைப் பரப்புரையாக்குகின்றனர். எஞ்சிய பெரும்பாலோர் வாய்மூடி இருந்துவிட்டு, அதற்கு நடுநிலை என்று பெயர் சூட்டிக்கொள்கின்றனர். இம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும்.

பீடோர் என்னும் கண்ணாடி

இச்சிக்கலைக் கண்ணாடிபோல் காட்டவல்ல ஊர் பேராவிலுள்ள பீடோர். தாப்பாவுக்கும் சுங்காய்க்கும் இடையில், பழைய பெருஞ்சாலையின்மேல் அமைந்த சிற்றூர் அது. கொய்யாவுக்குப் பெயர்பெற்றது, அதனினும் மேலாக வாத்துக்கால் மீ உணவுக்குப் பெயர்பெற்றது. அதனை உண்பதற்கென்றே வழிப்போக்கர் வண்டியை நிறுத்தி இறங்குவர். ஊரைச் சுற்றிலும் முன்பு பால்மரக் காடு. இன்று பெரும்பகுதி செம்பனை. புதுக்கிராமத்துச் சீனர்க்குப் பன்றியிறைச்சி அன்றாட உணவு. கம்பத்து மலாய்க்காரர் ஹஜ்ஜுப் பெருநாளில் மாடறுத்து ஏழைகளுக்குப் பங்கிடுவர். கிழக்கே மலையடிவாரத்தில் வாழும் செமாய்ப் பூர்வகுடியினர் ஊதுகுழாயால் வேட்டையாடி உண்ட மரபினர். தமிழரிடையே முனீஸ்வரர்க்குக் கடா வெட்டிப் படைக்கும் குடும்பமும் உண்டு. புரட்டாசி முழுதும் புலால் நீக்கும் குடும்பமும் உண்டு. ஒரே குடும்பம் இரண்டையும் செய்வதும் உண்டு.

இவ்வூர்த் தமிழ்ப்பள்ளி வகுப்பறை ஒன்றில் ஆசிரியர் நின்று ‘உயிர்க்கொலை பாவம்’ என்று கரும்பலகையில் எழுதுவதாகக் கொள்வோம். முதல் வரிசையில் இருக்கும் சிறுமியின் தந்தை வாத்துப் பண்ணையில் கூலி வேலை செய்பவர். அவர் கையால் வந்த ஊதியத்தில் வாங்கிய சீருடையைத்தான் அவள் உடுத்தியிருக்கிறாள். அவ்வெழுத்தைத் தன் ஏட்டில் பெயர்த்தெழுதும் அச்சிறுமி, அன்று மாலை தந்தையின் முகத்தை எவ்வாறு நோக்குவாள்? அவள் பெற்றது உயிரிரக்கமா, தன் வீட்டைப் பற்றிய நாணமா? மறுபுறம், அதே வகுப்பில் ஒருவன் நாயின் வாலில் தகரத்தைக் கட்டி ஓடவிட்டு மகிழ்கிறான். ‘அவரவர் பழக்கம்’ என்று ஆசிரியர் வாளாவிருந்தால் அதுவும் கல்வியாகுமா? இவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் நெறியைக் காண்பதே இன்று ஆசிரியர்முன் உள்ள கடமை.

மனப்பாட இரக்கம்

தன்கதைக் கட்டுரை தமிழ்ப்பள்ளிகளில் நெடுநாள் வழக்கிலிருப்பது. ‘நான் ஒரு பசு’ என்று தொடங்கி, பால் தந்ததையும், முதுமையில் கைவிடப்பட்டதையும், கண்ணீர் வடித்ததையும் சொல்லி முடியும். ஆண்டுதோறும் அதே பசு, அதே கண்ணீர். பசுவுக்கு நான்கு அறைகொண்ட இரைப்பை உண்டென்பதையோ, அது அசைபோட அமைதியான இடம் வேண்டுமென்பதையோ, கன்றைப் பிரிந்தால் கதறுமென்பதையோ அக்கட்டுரை அறியாது. மாணவன் பசுவைப் பற்றி எழுதவில்லை. பசுவுக்குத் தன் சொற்களைப் பூட்டி எழுதினான். தேர்வுக்கு அதுவே போதும் என்ற சாக்கு முன்பு இருந்தது. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டபின் அச்சாக்கும் வலுவிழந்தது; ஆயினும் பழைய பசு இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறது.

அறிவில்லா அன்பு தமிழர்க்குத் தெரியாத பொருளன்று. அதற்குப் பெயரே வைத்தவர்கள் அவர்கள். மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை ஈந்த பேகனையும், முல்லைக்கொடிக்குத் தேரீந்த பாரியையும் புகழ்ந்த சான்றோர், அத்தகைய ஈகையைக் ‘கொடைமடம்’ என்னும் சொல்லால் குறித்தனர். புகழ்ச்சிக்குள்ளேயே ஒரு புன்னகை அச்சொல்லில் உள்ளது. மயிலுக்கு அதன் தோகையும் இறகுமே போர்வை என்பதை அறியாதவரல்லர் அவர்கள். பேகனின் உள்ளத்தைப் போற்று. மயிலின் தேவையையும் அறி என்பதே அச்சொல் தரும் பாடம். வகுப்பறைகளோ பேகனின் கதையை மட்டும் கற்பித்து, கொடைமடம் என்னும் சொல்லைக் கைவிட்டுவிட்டன.

பாரதியார் வாழ்விலும் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. சென்னைத் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் யானைக்கு அன்போடு உணவூட்டிப் பழகியவர் அவர். 1921இல் ஒருநாள் அதே யானையால் தள்ளுண்டு காயமுற்றார். யானை நன்றி கெட்டதன்று. கவிஞரின் அன்பும் பொய்யன்று. யானைக்கு யானையின் இயல்பு உண்டு, அவ்வளவே. காக்கையையும் குருவியையும் தம் இனமாகக் கண்ட கவிஞரைப் போற்றும் ஆசிரியர், இந்நிகழ்ச்சியையும் சேர்த்தே சொல்லவேண்டும். அன்பு செலுத்துவதற்கு முன் அறிந்துகொள் என்பதை இதனினும் தெளிவாக எந்தப் பாடநூலும் கூறாது. அருவிக்கரையிலும் மலைச்சாலையிலும் குரங்குகளுக்கு ரொட்டித் துண்டை வீசும் பிள்ளைகளும் அன்பினால்தான் வீசுகின்றனர். அவ்வாறு வீசி வீசியே குரங்கு மனிதனை அஞ்சாது பையைப் பறிக்கக் கற்றுக்கொள்கிறது. பின்னர்த் தொல்லை தருகிறதென்று கொல்லப்படுகிறது. வீசிய கைக்கும் அக்கொலையில் பங்குண்டு.

2025 மே 11ஆம் நாள், அன்னையர் நாளன்று, பேராவின் வடகோடியிலுள்ள கிரிக் அருகே கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் லாரி மோதி யானைக்கன்று ஒன்று மாண்டது. கன்று லாரியின் அடியில் கிடக்க, தாய் யானை அவ்விடத்தை விட்டு அகலாமல் நின்ற காட்சி நாடெங்கும் பரவிற்று. கண்டவர் கலங்கினர். கலங்கியது மனித இயல்பு. ஆயினும் வகுப்பறை கண்ணீரோடு நின்றுவிடலாகாது. அதற்கப்பாலும் செல்ல வேண்டும். அச்சாலை எக்காட்டை ஊடறுத்துச் செல்கிறது? யானைகள் ஏன் இரவில் சாலைக்கு வருகின்றன? அவை கடந்து செல்வதற்கென உயர்பாலம் அமைத்தும் ஏன் வேறிடங்களில் கடக்கின்றன? இரவெல்லாம் சரக்கேற்றிச் செல்லும் ஓட்டுநரின் பிழைப்பு எத்தகையது? கிழக்குக் கரை மக்களுக்கு அச்சாலை இன்றியமையாததா? இவ்வினாக்களைக் கேட்ட மாணவன் வளர்ந்து பொறியாளனாகவோ, ஓட்டுநனாகவோ, வனத்துறை அலுவலனாகவோ ஆகும்போது அடுத்த கன்று பிழைக்க வழியுண்டு. அழுததோடு நின்றவனால் அதற்கு வழி பிறவாது.

பரப்புரை இரக்கம்

இரண்டாம் சாரார் ஊக்கம் மிகுந்தவர்கள். இரக்கத்தைக் கற்பிப்பதென்றால் புலாலைக் கைவிடச் செய்வதே என்று கருதுபவர்கள். அவர்களுடைய உள்ளத் தூய்மையை எவரும் ஐயுற வேண்டியதில்லை. வள்ளலார் வழியில் நின்று புலால் மறுப்போர் தமிழினத்தின் பெருமைக்குரியோர். குற்றம் அவர்தம் கொள்கையில் இல்லை. பத்து வயதுப் பிள்ளையின்மேல் அதனைச் சுமத்தும் முறையில் உள்ளது.

அவர்கள் முதற்கண் எடுத்துக்காட்டுவது திருக்குறள். புலால் மறுத்தல் அந்நூலின் 26ஆம் அதிகாரம். கொல்லாமை 33ஆம் அதிகாரம். இரண்டும் அமைந்திருப்பது துறவறவியலில். இல்லறத்தானுக்குரிய பண்புகளை 20 அதிகாரங்களில் வகுத்து முடித்த பின்னரே வள்ளுவர் அவற்றை வைத்தார். இதனைக் காட்டி, இல்லறத்தானுக்கு உயிரிரக்கமே வேண்டா என்று வாதிடுவது கயமை. ஆனால் அவ்வைப்புமுறையை மறைத்துவிட்டு, எல்லார்க்கும் விதித்த கட்டளைபோல் கற்பிப்பதும் நேர்மையன்று. வள்ளுவர் அதனை உயர்ந்த அறமாக வைத்தார். அறிஞர்கள் அதன் எல்லையை இன்றும் ஆராய்ந்து வருகின்றனர் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதே தமிழாசிரியர்க்கு அழகு. சங்க இலக்கியமும் அவ்வாறே. வள்ளல்கள் பாணர்க்கும் பொருநர்க்கும் இறைச்சி விருந்தளித்ததை அது மறைக்கவில்லை. அதே இலக்கியத்தில்தான், கலித்தொகையின் பாலைப் பாட்டில், கன்று கலக்கிய சிறிதளவு நீரையும் பிடிக்கு முதலில் ஊட்டும் களிறும், மெல்லிய சிறகால் பெடையின் வெம்மை ஆற்றும் புறாவும் வருகின்றன. உண்டவர்களும் உற்று நோக்கினர். உற்று நோக்கியதால் மதித்தனர். இதுவே அம்மரபின் முழு உண்மை. பாதியை மட்டும் காட்டுவோர் மரபைக் கற்பிப்பவரல்லர். மரபினின்றும் தமக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்பவர்.

சட்டத்தாலும் கட்டாயத்தாலும் இரக்கத்தை ஊட்ட முயன்ற வரலாறு தமிழகத்தில் உண்டு. கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் அங்கு 1950இல் இயற்றப்பட்டது. நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்த அச்சட்டத்தை 2003இல் அன்றைய அரசு முனைந்து நடைமுறைப்படுத்தியது. சிற்றூர்த் தெய்வங்களை வழிபடும் எளிய மக்கள் தங்கள் வழிபாடே பழிக்கப்பட்டதாகக் கருதினர்; எதிர்ப்பு வலுத்தது. 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. ஆட்டின் நோவைப் பற்றிய வினா அங்கு எவர் காதிலும் விழவில்லை. யாருடைய பண்பாடு உயர்ந்தது என்னும் பூசலே எஞ்சியது. சல்லிக்கட்டுக்கும் அதே நிலைதான். 2014இல் இந்திய உச்சநீதிமன்றம் தடுத்தது. 2017 தைத் திங்களில் மெரினாவில் இளைஞர் திரண்டனர். மாநில அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023இல் அதே நீதிமன்றம் திருத்தத்தை ஏற்றது. காளையைக் காக்க வேண்டும் என்றோரும், நாட்டு மாட்டினத்தைக் காப்பதே ஏறுதழுவல்தான் என்றோரும் தத்தம் வாதங்களை அவைமுன் வைத்தனர். பெரியோர் ஒன்பது ஆண்டுகள் வழக்காடிய ஒன்றை, நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒரே சொல்லால் தீர்த்துவைக்கும் உரிமையை ஆசிரியர்க்கு எவர் அளித்தார்?

இவ்விடத்தில் ருக்மிணி தேவி அருண்டேலை நினைவுகூர்தல் தகும். பரதநாட்டியத்துக்குப் புதுவாழ்வு தந்த அவ்வம்மையாரே, 1950களில் இந்திய மாநிலங்களவையில் விலங்குவதைத் தடுப்புக்கென மசோதா கொணர்ந்தவர். அம்முயற்சியின் பயனாக 1960இல் சட்டம் பிறந்தது. அம்மையார் புலால் உண்ணாதவர். ஆயினும் அச்சட்டம் உணவுக்கான அறுப்பைத் தடை செய்யவில்லை. எச்சமயத்தாரும் தம் சமய முறைப்படி செய்யும் கொலையைக் குற்றமாக்கவுமில்லை. தேவையற்ற துன்பத்தைத் தடுக்கலாம் என்னும் அளவுக்கே அது முன்சென்றது. தாம் உறுதியாகப் பற்றிய கொள்கை வேறு, பலரும் வாழும் நாட்டில் பொதுநெறியாக நிறுவத்தக்கது வேறு என்னும் வேறுபாட்டை அச்சட்டம் காட்டி நிற்கிறது. பல இனத்தார் வாழும் மலேசியத் திருநாட்டின் ஆசிரியர் அவ்வேறுபாட்டை உணராதிருத்தல் நன்றன்று.

மௌனம் நடுநிலையாகாது

மேற்கூறியவற்றைக் கேட்டு மகிழ்வோர் மூன்றாம் சாரார். ‘இதனாலன்றோ இப்பேச்சே வேண்டா என்கிறோம், சமயமும் உணவும் தொட்டால் சுடும்’ என்பர். இம்மூவருள்ளும் பெருந்தீங்கு செய்வோர் இவர்களே. மனப்பாடம் செய்விப்பவர் ஒரு சொல்லையாவது தருகிறார். பரப்புரையாளர் ஓர் உணர்வையாவது தருகிறார். மௌனம் தருவது யாதுமில்லை. நாயின் வாலில் தகரம் கட்டியவனைக் கண்டும் காணாததுபோல் செல்லும் ஆசிரியர், ‘இதில் தவறில்லை’ என்னும் பாடத்தைத்தான் கற்பித்துச் செல்கிறார்.

எல்லாவற்றிலும் இரு பக்கம் உண்டென்பது பொய். கொடுமைக்கு இரு பக்கம் இல்லை. நாட்டின் சட்டமும் இதனையே கூறுகிறது. 1953ஆம் ஆண்டு விலங்குச் சட்டத்தின்கீழ்க் கொடுமைக்கு விதிக்கத்தக்க தண்டம் நெடுங்காலம் 200 வெள்ளியைத் தாண்டவில்லை. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தபின், அது 20,000 வெள்ளிக்குக் குறையாமலும் 1,00,000 வெள்ளிக்கு மேற்படாமலும் ஆயிற்று. மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. இரண்டும் சேர்ந்தும் விதிக்கப்படலாம். அச்சட்டம் உணவுக்காக அறுப்பதைத் தடுக்கவில்லை. வளர்ப்பவன் உணவும் உறைவிடமும் தரவேண்டும், நோயினின்றும் நோவினின்றும் காக்கவேண்டும் என்கிறது. சாலை விதியைக் கற்பிக்கும் பள்ளி, மாணவன் வீட்டு நாய்க்கூண்டுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் உரிய இச்சட்டத்தைக் கற்பிக்காமலிருக்க என்ன நியாயம் உண்டு?

மௌனத்தின் விலை பேரா மாநிலத்துக்குத் தெரியும். 1998 செப்டம்பரில் ஈப்போவை அடுத்த கிந்தா வட்டாரத்தில், பன்றிப் பண்ணைகளில் உழைத்தோரிடையே மூளைக்காய்ச்சல் தோன்றிற்று. முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. நோய் நெகிரி செம்பிலானுக்கும் பரவியபின், 1999 மார்ச்சில் அது முன்பின் அறியாத நச்சுயிரி என்பதை மலாயாப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தனர். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரால் அதற்கு நிப்பா என்று பெயர் வழங்கலாயிற்று. அந்நோயில் நூற்றுக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். ஏறத்தாழ 10 இலட்சம் பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. மூலம் பழந்தின்னி வௌவால். பண்ணையை ஒட்டி நின்ற பழமரங்களில் அவை கடித்துப் போட்ட கனிகளைப் பன்றிகள் தின்ன, பன்றிகளிடமிருந்து மனிதர்க்கு நோய் தொற்றியது. விலங்கு நலமும் மனித நலமும் ஒரே கயிற்றின் இரு முனை என்பதற்கு, பீடோரிலிருந்து வண்டியில் ஏறினால் எட்டிவிடும் தொலைவில் நடந்த இதனினும் பெரிய சான்று வேண்டுமோ? எத்தனை வகுப்பறைகளில் இது சொல்லப்படுகிறது? ‘பன்றி’ என்னும் சொல் எழுந்தவுடன் பிள்ளைகள் நகைப்பர். ஆசிரியர் ஏட்டைப் புரட்டிவிடுவார். அந்நகைப்பை நிறுத்தி, அண்டை வீட்டாரின் தொழிலையும் துயரையும் மதிக்கச் செய்வதன்றோ ஒற்றுமைக் கல்வி?

துலாக்கோலின் இரு தட்டு

அங்ஙனமாயின் நடுநிலையாவது யாது? தீர்ந்தவற்றையும் தீராதவற்றையும் பிரித்தறிதலே அதன் முதற்படி. தேவையின்றி உயிரைத் துன்புறுத்தலாகாது என்பது தீர்ந்தது. அதில் ஆசிரியர் அணுவளவும் தளரலாகாது. வளர்க்கும் உயிர்க்கு வேண்டுவன யாவை என்பதிலும் அறிஞரிடையே பெரும் உடன்பாடு உண்டு. பிரிட்டனில் 1965இல் பிராம்பெல் குழு பண்ணை விலங்குகளின் நிலையை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையை அடியொற்றி, 1979இல் ஐந்து விடுதலைகள் வகுக்கப்பட்டன: பசி தாகமின்மை, தகுந்த உறைவிடம், வலியும் காயமும் நோயுமின்மை, இயல்புக்கேற்ப இயங்குதல், அச்சமும் துயருமின்மை. நான்காம் ஆண்டு மாணவனும் இவ்வைந்தையும் விரல்விட்டு எண்ணிக்கொள்வான். தன் வீட்டுக் கோழிக்கூட்டின்முன் நின்று ஒவ்வொன்றாய்ச் சரிபார்ப்பான். நூறு தன்கதைக் கட்டுரைகள் செய்யாததை அந்த ஐந்து விரல்கள் செய்யும்.

புலால் உண்பதா மறுப்பதா, பலியிடுவதா நிறுத்துவதா, விலங்குக் காட்சிசாலை வேண்டுமா வேண்டாவா என்பன தீராதவை. இவற்றில் ஆசிரியரின் பணி இரு தட்டிலும் எடைக்கற்களைச் சரியாக வைப்பது. தன் கொள்கைக்குரிய தட்டில் பெருங்கல்லையும் மற்றத் தட்டில் கூழாங்கல்லையும் வைத்துவிட்டு, ‘பார், எது தாழ்கிறது’ என்று கேட்பது மோசடி.

கோழியையே எடுத்துக்கொள்ளலாம். உலகில் கோழியிறைச்சியை மிகுதியாக உண்ணும் நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. பண்ணைக் கோழி ஏறத்தாழ ஆறு வாரத்தில் அறுப்புக்கு வருகிறது. முட்டைக் கோழிகளைச் சிறகு விரிக்கவும் இடமில்லாக் கம்பிக் கூண்டுகளில் அடைக்கும் முறையை ஐரோப்பிய ஒன்றியம் 2012 தொடக்கத்தில் சட்டத்தால் நிறுத்திவிட்டது. இது ஒரு தட்டு. கூண்டை அகற்றினால் இடம் வேண்டும். இடத்துக்குப் பணம் வேண்டும். முட்டை விலை ஏறும். 2022இல் கோழி தட்டுப்பாடாகி, அரசு ஏற்றுமதியையே நிறுத்தியபோது, விலையேற்றத்தின் சுமையை முதலில் உணர்ந்தவை ஏழை வீட்டு அடுப்புகளே. இது மறு தட்டு. இரண்டையும் ஆறாம் ஆண்டு மாணவர்முன் வைத்து, ‘விலை சிறிது ஏறினாலும் கூண்டை அகற்றலாமா?’ என்று சொற்போர் நடத்தலாம். முடிவு எதுவாயினும் ஆகுக. எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளை முட்டையை முன்போல் எண்ணாமல் உடைக்காது.

தெருநாயும் அத்தகைய பாடமே. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தோன்றியபோது நாய்கள் பெருமளவில் கொல்லப்பட்டன. 2017 முதல் சரவாக்கில் அந்நோய் உயிர்களைப் பலிகொண்டது. கொல்வதே வழி என்போர் உளர். தடுப்பூசியும் கருத்தடையுமே நிலைத்த வழி என்போரும் உளர். அவ்விரு கருத்தையும் எடுத்துரைக்கும் முன், எத்தரப்பாரும் மறுக்காத ஒன்றை ஆசிரியர் சொல்லியாக வேண்டும். முன்பின் அறியாத நாயைத் தொட்டுக் கொஞ்சலாகாது. கடிபட்டால் ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கால்மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். விலங்கின்பால் காட்டும் அன்பு பிள்ளையின் உயிருக்கு விலையாகிவிடலாகாது.

செம்பனைத் தோட்டத்துக் கூகையையும் இவ்வரிசையில் சேர்க்கலாம். தமிழர் அதனை அபசகுனம் என்று கல்லெறிந்து விரட்டினர். தோட்டத்தாரோ கம்பத்தின்மேல் பெட்டி அமைத்து அதனைக் குடிவைக்கின்றனர். பழக்குலையைக் கடித்துப் பாழாக்கும் எலியை அது இரவெல்லாம் வேட்டையாடுகிறது. எலிக்கு நஞ்சு வைத்தால், நஞ்சுண்ட எலியைத் தின்று கூகையும் மடிகிறது. எலியும் நோவறியும் உயிர்தானே என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டால், அவனை அமரச் செய்தல் ஆகாது. அவ்வகுப்பில் கல்வி தொடங்கிவிட்டது என்பதன் அறிகுறி அவ்வினா.

தோட்டத்துப் பாட்டியின் அறிவு

இனி ஒரு மறுப்பு எஞ்சி நிற்கிறது. ‘வறுமையில் உழலும் பிள்ளைகளுக்கு மனிதரே இரங்காதபோது, அவர்கள் மாட்டுக்கும் நாய்க்கும் இரங்கவேண்டுமா? இது செல்வர் வீட்டுப் பேச்சு’ என்பர் சிலர். கேட்பதற்கு நியாயம்போல் தோன்றும் இவ்வாதம், தோட்டத்துத் தமிழரின் வரலாற்றை மறந்த வாதம். லயத்து வீட்டின் பின்னே கொட்டில் அமைத்துப் பசு வளர்த்தவர்கள் அவர்கள். விடியுமுன் பால்மரம் சீவச் சென்ற பெண்ணே மாலையில் புல்லறுத்துச் சுமந்து வந்தாள். சம்பளம் போதாத மாதங்களில் பாற்காசே பிள்ளையின் புத்தகமாயிற்று. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசியது வெறுஞ்சடங்கன்று. கடன்பட்டவர் நன்றி செலுத்திய முறை அது. பசு தலைசாய்த்து நிற்கும் விதத்தைக் கொண்டே நோயறிந்த பாட்டிமார் இன்றும் பீடோர் வட்டாரத்தில் வாழ்கின்றனர். அவர்களை வகுப்பறைக்கு அழைத்துப் பேசச் செய்த பள்ளிகள் எத்தனை? ஏட்டுப் பசு அழுதுகொண்டிருக்க, மெய்ப்பசுவை அறிந்தவர் வாயிலுக்கு வெளியே நிற்கிறார். வறியவர் இரங்க இயலாதவர் என்பது வறுமையினும் கொடிய இழிவுரை.

நேரமில்லை என்பது அடுத்த மறுப்பு. தனிப்பாடம் எவரும் கேட்கவில்லை. முதலாம், இரண்டாம் ஆண்டுகளில் உற்றுநோக்கல் போதும்: எறும்பின் வரிசையையும், கோழி மண்ணைக் கிளறுவதையும் பார்த்துச் சொல்லச் செய்யலாம். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் ஐந்து விடுதலைகளையும் சட்டத்தையும் எளிமையாகக் கற்பிக்கலாம். மேலிரு ஆண்டுகளில் தீராத வினாக்களைச் சொற்போராக்கலாம். மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லும்போதும், ‘கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டது நீதியா?’ என்று கேட்க இடம் தரலாம். கதையின் பெருமை அதனால் குறையாது. பீடோருக்குத் தெற்கே அண்மையிலுள்ள சுங்காயில் வனவிலங்குத் துறையின் காப்பகம் உண்டு. செலாடாங் என்னும் காட்டெருது அருகிவரும் இந்நாட்டில், அதனைப் பேணி இனம்பெருக்க முயன்ற இடம் அது. உரிய இசைவு பெற்று ஒருமுறை சென்று வந்தால், அடைத்து வைத்துக் காப்பதன் நன்மையும் குறையும் பிள்ளைகளின் கண்முன் நிற்கும். மலேசியாவின் கடைசிச் சுமத்திரா காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் மாண்டது. வகுப்பறைகள் காலந்தாழ்த்தலாம், மறைந்த இனம் மீண்டு வாராது.

ஆசிரியர் தம் கொள்கையை மறைக்க வேண்டும் என்பதும் இல்லை. மாணவன் கேட்டால், ‘இது என் முடிவு; இதற்கு இன்ன காரணம்; வேறு முடிவு கொண்ட நல்லோரும் உளர்; அவர்தம் காரணம் இன்னது’ என்று சொல்லட்டும். பிள்ளை ஆசிரியரிடமிருந்து முடிவைக் கடன் வாங்க வேண்டியதில்லை. முடிவுக்கு வரும் முறையைக் கற்றுக்கொண்டால் போதும். பண்ணைத் தொழிலாளியின் மகள் தலைகுனியாமல், ‘என் தந்தை வாத்துகளைத் துன்புறுத்தாமல் வளர்க்கிறார், கூடு நெரிசலாயிருப்பது எனக்கு வருத்தமாயிருக்கிறது’ என்று அதே வகுப்பில் எழுந்து பேசக்கூடிய நாளில்தான், உயிரிரக்கம் பாடமாயிற்று என்று சொல்லலாம். அந்நாள் வரும்வரை, தமிழாசிரியர் பெருமக்களும் ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவரும் கரும்பலகையில் ‘அன்பு’ என்று எழுதுமுன் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, அதன் பொருளை வகுப்பினரிடமே முதலில் கேட்பார்களாக.